ரேம் வாங்கும் முன் சி டிரைவைத் திறந்து பாருங்கள்

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன் சார். கல்யாண ஆல்பம் டிசைனிங் எல்லாம் நானேதான். 8 ஜிபி ரேம் லேப்டாப், விண்டோஸ் 11. ஆவணி முகூர்த்த வேலை குவிந்து கிடக்கிறது, போட்டோஷாப்பில் நாலாவது ஷீட்டைத் தொட்டாலே 'மெமரி குறைவாக இருக்கிறது, புரோகிராம்களை மூடுங்கள்' என்று வந்து நிற்கிறது. சில நேரம் 'ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது' என்றும் வருகிறது. சர்வீஸ்காரர் ரேம் மாற்றச் சொல்கிறார். 16 ஜிபி போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகலாம், ஆகாமலும் போகலாம். நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு தனித்தனி எச்சரிக்கைகள் இருக்கின்றன. முதலாவதைச் சொல்வது விண்டோஸ், இரண்டாவதைச் சொல்வது போட்டோஷாப். இரண்டும் மாறி மாறி வருகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் உங்கள் சி டிரைவ் மேல்தான்.

ரேமைச் சமையல் மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடை போதாதபோது இப்போதைக்கு வேண்டாத பாத்திரத்தைப் பரணில் ஏற்றுவோம் இல்லையா, விண்டோஸும் அதையேதான் செய்கிறது. அந்தப் பரணுக்குப் பெயர் பேஜ் ஃபைல், வழக்கமாக அது சி டிரைவில் இருக்கும். மேடை, பரண் இரண்டும் சேர்ந்த மொத்த இடம் தீரப்போகும்போதுதான் அந்த முதல் எச்சரிக்கை வருகிறது. போட்டோஷாப் இது போதாதென்று தனக்காக இன்னொரு பரண் கட்டிக்கொள்ளும், அதுதான் ஸ்க்ராட்ச் டிஸ்க். நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால் அதுவும் சி டிரைவிலேயே. 256 ஜிபி எஸ்எஸ்டியில் (லேப்டாப்புக்குள் இருக்கும் டிஸ்க்) விண்டோஸ், வாட்ஸ்அப் வீடியோ, போன தை மாசக் கல்யாணத்து ரா ஃபைல்கள் (கேமரா சுருக்காமல் தரும் மூலப் படங்கள்) எல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தால் இரண்டு பரணுக்கும் எங்கே இடம்?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. அங்கே 'கமிட்டட்' என்ற இடத்தில் கோடு போட்டு இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது இதுவரை ஒதுக்கிக் கொடுத்தது, இரண்டாவது மொத்த வரம்பு. ஷீட் திறந்து வேலை செய்யும்போது இரண்டும் நெருங்கிக்கொண்டே போனால் எச்சரிக்கை அங்கிருந்துதான் வருகிறது. இரண்டாவது எண் உங்கள் ரேம் அளவிலேயே, 8ஐ ஒட்டியே நின்றால் யாரோ பேஜ் ஃபைலை அணைத்து வைத்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு நானே அதை அணைத்துவிட்டு, ஏன் இப்படி ஆகிறது என்று இரண்டு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவன். ஸ்டார்ட்டில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடுங்கள், பெர்ஃபார்மன்ஸ் பகுதியின் செட்டிங்ஸுக்குள் போய் மறுபடி அட்வான்ஸ்டு, அதில் வெர்ச்சுவல் மெமரி. 'ஆட்டோமேட்டிக்' என்று தொடங்கும் முதல் வரியில் டிக் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்புறம் சி டிரைவைக் காலி செய்யுங்கள். ஃபைல்களை நகர்த்துவது இருக்கட்டும், போட்டோஷாப் பாதியில் செத்துப்போன ஒவ்வொரு முறையும் அதன் தற்காலிக ஃபைல் அழியாமல் தங்கிவிட வாய்ப்பு உண்டு. 'போட்டோஷாப் டெம்ப்' என்று தொடங்கும் பெயரில் டெம்ப் ஃபோல்டரில் ஜிபி கணக்கில் கிடக்கும். போட்டோஷாப்பை மூடிவிட்டு அழியுங்கள், திறந்து வைத்துக்கொண்டு கை வைக்காதீர்கள்.

இப்போது உங்கள் ஷீட்டுக்கு வருவோம். 12க்கு 36 இஞ்ச், 300 டிபிஐ (இஞ்சுக்கு 300 புள்ளி) என்றால் 3600க்கு 10800 பிக்சல், பெருக்கினால் 3 கோடியே 88 லட்சத்து 80 ஆயிரம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று வண்ணம், 8 பிட் என்றால் வண்ணத்துக்கு ஒரு பைட். ஒரே ஒரு லேயருக்கு (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) 111 எம்பி ஆகிவிட்டது; வண்ணத்துக்கு இரண்டு பைட் எடுக்கும் 16 பிட்டில் திறந்திருந்தால் 222. மேலே வைக்கிற மாப்பிள்ளை பெண் படம் 24 மெகாபிக்சல் என்றால், டிஸ்கில் 8 எம்பி ஜேபெக்காகச் சமர்த்தாக இருந்தது திறந்ததும் 68 எம்பி ஆகிறது. பேக்கிரவுண்ட், பூ, ஷேடோ, ஏழெட்டுப் படம், எல்லாம் தனித்தனி லேயர், அதற்குமேல் நாலு ஷீட்டை ஒன்றாகத் திறந்து வைத்திருக்கிறீர்கள். 8 ஜிபியில் விண்டோஸும் குரோமும் எடுத்தது போக மிச்சம் இருப்பது என்ன என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அதனால் ஒரு நேரத்தில் ஒரு ஷீட். முடித்ததை சேவ் செய்து மூடிவிட்டு அடுத்தது. லேபுக்குப் போகிற ஆல்பத்துக்கு 8 பிட் போதும், கலர் கரெக்‌ஷனை ராவிலேயே முடித்துவிடுங்கள். ப்ரிஃபரன்சஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஹிஸ்டரி ஸ்டேட்ஸ் (எத்தனை படி பின்னால் போகலாம் என்ற கணக்கு) 50 என்று இருக்கும், 20 போதும். அதே பக்கத்தில் போட்டோஷாப்புக்கு எவ்வளவு ரேம் என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறதே, வழக்கமாக 70 சதவீதத்தில் நிற்கும், அதை நீங்கள் 95க்கு ஏற்றியிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன், எல்லோரும் செய்வதுதான். இறக்குங்கள். விண்டோஸுக்கு மூச்சுவிட இடமில்லாவிட்டால் போட்டோஷாப்பும் சேர்ந்துதான் திணறும்.

ஸ்க்ராட்ச் டிஸ்கை, லேப்டாப்பில் இரண்டாவது டிஸ்க் தனியாக இருந்தால், அதற்கு மாற்றுங்கள். டி டிரைவ் என்பது அதே எஸ்எஸ்டியைப் பிரித்ததுதான் என்றால் இடம் கிடைக்கும், வேகம் கூடாது. பென் டிரைவில் வைக்கவே வைக்காதீர்கள். ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்பி போட்டோஷாப் திறக்கவே மறுத்தால், திறக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்தால் டிஸ்கை மாற்றும் பெட்டி வரும்.

இவ்வளவும் செய்துவிட்டு, ஷீட்டின் அடியில் இடது ஓரமாக இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தொட்டு 'எஃபிஷியன்சி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 100 சதவீதத்தில் நின்றால் ரேம் போதுகிறது. 100க்குக் கீழே இறங்கினால் ஸ்க்ராட்ச் டிஸ்கைத் தொடுகிறது என்று அர்த்தம். ஒரே ஷீட்டுக்கே எப்போதும் கீழேதான் என்றால் சர்வீஸ்காரர் சொன்னது சரி, வாங்கிவிடுங்கள். அடோபியே 8 ஜிபியைக் குறைந்தபட்சமாகவும் 16ஐப் பரிந்துரையாகவும்தான் சொல்கிறது.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் லேப்டாப்புக்கு ரேம் வாங்கப் போகிறேன், எதைப் பார்த்து வாங்குவது? (பெரம்பூர் வாசகர்)

பதில்: அண்ணா சாலையில் இறங்குவதற்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள். டாஸ்க் மேனேஜரின் அதே மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் (ரேம் செருகும் இடம்), எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன வேகம் எல்லாம் இருக்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் தலைமுறைகள்; டிடிஆர்4 இருக்கும் இடத்தில் டிடிஆர்5 நுழையாது, ரேமின் ஓரத்தில் வெட்டு இருக்கும் இடமே வேறு. மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும், ஸ்லாட்டே கிடையாது. முடிந்தால் லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போங்கள். நான் ஒருமுறை டெஸ்க்டாப் ரேமை வாங்கி வந்துவிட்டேன், நீளம் இரண்டு மடங்கு, திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பில் வாங்காமல் வராதீர்கள். போட்ட அன்றே ஸ்டார்ட்டில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' தேடி ஓடவிடுங்கள், பிழை காட்டினால் மறுநாளே மாற்றிவிடலாம்.

கேள்வி: பழைய டெஸ்க்டாப், 4 ஜிபி, 32 பிட் விண்டோஸ். ஜிம்ப்பில் (படம் திருத்தும் இலவச மென்பொருள்) படம் திறந்தால் தவழ்கிறது. இன்னொரு 4 ஜிபி போடலாமா? (திருவல்லிக்கேணி மாணவி)

பதில்: வேண்டாம். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாதது, அதிலும் முழுசாகக் கைக்கு வராது. பிராசஸர் 64 பிட் என்றால் முதலில் 64 பிட் ஓஎஸ் போடுங்கள், ரேம் அதற்குப் பிறகு. அதுவரை ஜிம்ப்பின் ப்ரிஃபரன்சஸில் சிஸ்டம் ரிசோர்சஸ் பக்கம் போய் அன்டு (செய்ததை ரத்து செய்து பின்னால் போவது) அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், டைல் கேஷ் (படத்துக்காக ஜிம்ப் எடுத்துக்கொள்ளும் ரேம்) மொத்த ரேமில் பாதியைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: 'ரேம் கிளீனர்' போட்டால் மெமரி காலியாகிறதே, அது நல்லதா சார்? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: எண் காலியாகிறது. மேடையில் இருந்ததை எல்லாம் அது ஒரே அடியாகப் பரணில் தூக்கிப் போட்டுவிடும், அடுத்த நிமிஷம் போட்டோஷாப் கரண்டியைத் தேடி ஏணி போட்டு ஏறும். அந்தக் கிளீனரை நீக்கிவிடுங்கள்.