ஏலத்துல 'ஈ.எஃப்'னு வாங்கின காயின் கிரேடிங்ல 'க்ளீன்ட்'னு திரும்பி வந்தா என்ன பண்றது?

கேள்வி: லண்டன்ல ஒரு ஏலத்துல 1845 விக்டோரியா வெள்ளி கிரவுன் (அஞ்சு ஷில்லிங் காசு) ஒன்னு 'அபவுட் ஈ.எஃப்', அதாவது ஏறக்குறைய எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்னு போட்டிருந்தாங்க. ஆன்லைன்ல 600 பவுண்டுக்கு எடுத்தேன், ஆனா பில் 772 பவுண்ட் 80 பென்ஸ்னு வந்துச்சு. அப்புறம் கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பினா கிரேடு நம்பரே குடுக்காம 'ஏ.யூ. (அபவுட் அன்சர்குலேட்டட்) டீடெய்ல்ஸ், க்ளீன்ட்'னு எழுதி டப்பால அடைச்சு அனுப்பிட்டாங்க. நான் ஏமாந்துட்டேனா? அடுத்த ஏலத்துல 1847 காத்திக் கிரவுன் ஒன்னு வருது, என்கிட்ட மொத்தம் 2000 பவுண்ட் இருக்கு, எதுவரைக்கும் கேக்கலாம்?

பதில்: காசு போச்சேங்கற உங்க வருத்தம் புரியுது, ஆனா ஏல கம்பெனி பொய் சொன்னாங்கன்னு உங்களால நிரூபிக்க முடியாது. ஏன்னா அவங்க சொன்னது ஒரு விஷயம், நீங்க புரிஞ்சுக்கிட்டது வேற. பிரிட்டன்ல ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்குலேட்டட் (புழக்கத்துக்கே போகாதது)னு போற கிரேடு எல்லாமே காயின் எவ்வளவு தேய்ஞ்சிருக்குங்கறத மட்டும்தான் சொல்லுது. ராணி முடியோட இழை தெரியுதா, எழுத்தோட விளிம்பு கூர்மையா இருக்கா, அவ்வளவுதான். யாரோ ஒருத்தர் அதை பித்தளைக் குடத்த புளி போட்டு விளக்குற மாதிரி தேய்ச்சு பளபளன்னு ஆக்கியிருந்தாலும் முடியோட இழை அப்படியே இருக்குமே, அதனால ஈ.எஃப் ஈ.எஃப்தான். அமெரிக்க கிரேடிங் கம்பெனிங்க அந்த தேய்ப்பையும் கணக்குல எடுப்பாங்க. உங்க டப்பாலயே பாருங்க, 'ஏ.யூ'ன்னு இருக்கு. அது ஏறக்குறைய பிரிட்டிஷ் ஈ.எஃப்தான். அதாவது தேய்மானத்துல ரெண்டு பேரும் ஒன்னையேதான் சொல்றாங்க. க்ளீன் பண்ணியிருக்குங்கறத ஒருத்தர் சொன்னார், இன்னொருத்தர் வாயத் திறக்கல.

எனக்கு கோபம் வர்றது இந்த வாயத் திறக்காத இடத்துலதான். கேட்டலாக் எழுதுறவர் கையில லூப் (பூதக்கண்ணாடி) இருக்கு, முப்பது வருஷ அனுபவம் இருக்கு, ஒரு செகண்ட்ல அவருக்குத் தெரியும். சில பேர் 'க்ளீன்ட், அதர்வைஸ் ஈ.எஃப்'னு நேர்மையா எழுதுவாங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு. மத்தவங்க 'பிரைட்', 'பிரஷ்ட்', 'ரீடோன்ட்' (தேய்ச்சப்புறம் மறுபடி நிறம் ஏறினது)னு ஒரு வார்த்தையில முடிச்சிருவாங்க, புதுசா வர்றவருக்கு பிரைட்னா நல்ல வார்த்தையாதான் தெரியும். கேட்டலாக்ல பிரைட்னு பாத்தா எப்பவோ டிப் பண்ணது (ரசாயனத்துல முக்கி எடுத்தது) இல்ல தேய்ச்சதுன்னு நினைச்சுக்கிட்டு போட்டோவப் பாருங்க. 'அதர்வைஸ்'னு ஒரு வார்த்தை வந்தா அதுக்கு முன்னாடி இருக்கறதுதான் விலைய முடிவு பண்றது, பின்னாடி இருக்கற கிரேடு இல்ல. நூத்தம்பது வருஷத்துக்கு மேல வயசான வெள்ளிக் காசுக்கு சாம்பல் கலர்லயோ நீலம் கலந்தோ ஒரு டோனிங் (நாளாக ஆக ஏறுற நிறம்) வந்திருக்கணும், வெள்ளை வெளேர்னு சிரிச்சா சந்தேகப்படுங்க.

நானும் ஆரம்பத்துல இப்படி மாட்டியிருக்கேன், ஈ.எஃப்னு வாங்கின ஒரு கிரவுன்ல விளிம்புல பழைய சால்டர் (பத்தவெச்ச) தடம், யாரோ ப்ரூச்சா மாட்டியிருந்திருக்காங்க, திருப்பிக் குடுக்கப் போனா 'போட்டோல தெரியுதே, நீங்க பாத்துட்டுத்தானே கேட்டீங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. போட்டோல விளிம்பே இல்ல. அன்னைலேர்ந்து கண்டிஷன் ரிப்போர்ட் (காசோட நிலைமைய ஏல கம்பெனி எழுதிக் குடுக்கறது) கேக்காம நான் ஏலத்துல கை தூக்கறதே இல்ல. அது இலவசம், ஏலத்துக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி மெயில் போட்டு நேரா கேளுங்க: க்ளீன் பண்ணியிருக்கா, மவுன்ட் பண்ண (நகையா மாட்ட கொக்கி வெச்ச) தடம் இருக்கா, விளிம்புல அடி இருக்கா, ஹேர்லைன்ஸ் (மெல்லிசான கீறல்) இருக்கா. எழுத்துல பதில் வாங்குங்க. நேரா கேட்டா மழுப்ப முடியாது, எழுத்துல குடுத்தது பின்னாடி உங்களுக்கு ஒரு பிடி.

அடுத்து பில். 600க்கு எடுத்தேன்னு சொல்றீங்க, அது சுத்தியல் விலை, அதாவது ஏலத்துல முடிஞ்ச விலை. அதுக்கு மேல உங்க ஏலத்துல 24 சதவீதம் பையர்ஸ் பிரீமியம் (வாங்கறவர்கிட்ட ஏல கம்பெனி வாங்குற கட்டணம்), அந்த பிரீமியத்துக்கு மேல 20 சதவீதம் வாட் வரி. 144 பவுண்ட், அதுக்கு 28.80 வாட், மொத்தம் 172.80. அதான் உங்க 772.80. விக்கிறவர்கிட்டயும் கமிஷன் வாங்கிட்டு வாங்கறவர்கிட்டயும் கால்வாசி வாங்குறது என்ன நியாயம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல, ஆனா எல்லாரும் வாங்குறாங்க, கண்டிஷன்ஸ்ல போட்டிருக்குன்னு சொல்லிடுவாங்க. வெளியில இருக்கற ஏலத் தளம் வழியா கேட்டா சில சதவீதம் அதுவும் சேரும், கம்பெனியோட சொந்த சைட்லயே கேட்டா பெரும்பாலும் அது மிச்சம். லாட் (ஏலத்துக்கு வர்ற பொருள்) நம்பர் பக்கத்துல சின்னதா ஒரு குறி இருந்தா அது வெளிநாட்டுலேர்ந்து வந்த லாட்டா இருக்கலாம், சுத்தியல் விலை மேலயே 5 சதவீதம் இறக்குமதி வாட் போடுவாங்க, குறிக்கு அர்த்தம் கேட்டலாக் முன்பக்கத்துல இருக்கும், படிங்க.

அதனால பின்னாடிலேர்ந்து கணக்கு போடணும். உங்ககிட்ட 2000 இருக்கு, சுத்தியல் விலை ஒவ்வொரு பவுண்டுக்கும் பில்ல 1.288 பவுண்ட் வருது, அதால வகுத்தா 1552 சொச்சம். 1550ல நிறுத்துங்க, பில் 1996.40 வரும். அதையே முன்கூட்டி கமிஷன் பிட்டா (எனக்காக இதுவரைக்கும் கேளுங்கன்னு ஏல கம்பெனிக்கு சொல்றது) எழுதிக் குடுத்துட்டு கம்ப்யூட்டர மூடிட்டுப் போயிடுங்க. ஏலம் ஓடும்போது இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படின்னு போறதுலதான் எல்லாரும் அழியறாங்க.

இப்ப காத்திக் கிரவுனுக்கு வருவோம். வில்லியம் வயன் செஞ்ச டிசைன், வருஷமே எண்ணுல இல்லாம காத்திக் எழுத்துல ரோமன் கணக்குல இருக்கும், அடிச்சது 8000. கண்ணாடி மாதிரி மினுங்குற பரப்போட வந்ததால ஆரம்பத்துலேர்ந்தே ஜனங்க அதை ஞாபகப் பொருளா வெச்சுக்கிட்டாங்க, பாக்கெட்ல போட்டாங்க, கைக்குட்டையால துடைச்சாங்க, நகையா மாட்டுனாங்க. அதனால இந்தக் காசுல கிரேடு பாதிதான் சொல்லும், ராணிக்குப் பின்னாடி இருக்கற வெறும் இடத்த வெளிச்சத்துல சாய்ச்சு எடுத்த போட்டோ கேளுங்க, மெல்லிசா முடி முடியா கோடு ஓடுதான்னு பாருங்க. மேல பன்னண்டு மணி இடத்துல விளிம்ப உத்துப் பாருங்க, மவுன்ட் அங்கதான் வரும். எடை 28.28 கிராம் சுத்தி இருக்கணும், விளிம்புல இருக்கற லத்தீன் எழுத்து தெளிவா இருக்கணும், ரெண்டுல ஒன்னு சரியில்லன்னாலும் விட்டுடுங்க, போலி நிறைய சுத்துது. தேய்ச்சதோ மவுன்ட் எடுத்ததோ தெரிஞ்சா அதே கிரேடுல சுத்தமான காசுக்குப் போற விலையில பாதிக்கு மேல நான் போக மாட்டேன்.

எந்த விலைய வெச்சுப் பாக்கறதுன்னு கேப்பீங்க. ஸ்பிங்க் கேட்டலாக்ல (பிரிட்டிஷ் காசுகளோட விலைப் புத்தகம்) இருக்கற விலைய வெச்சுப் பாக்காதீங்க, அது டீலர் கடையில நல்ல காசுக்கு சொல்ற விலையோட வழிகாட்டி. பெரிய ஏல கம்பெனிங்க சைட்ல பழைய ஏலத்துல போன விலை போட்டோவோட இருக்கும், அஞ்சாறு காத்திக் கிரவுன் எடுத்துப் பாருங்க, ஆனா அதுல காட்டறது வெறும் சுத்தியல் விலையா இல்ல பிரீமியம் சேத்ததான்னு பாத்துக்குங்க.

ஒரு விதிவிலக்கு மட்டும் விரிவா சொல்லணும், ஏன்னா இதுல நல்ல காச விட்டுட்டுப் போறவங்கள நிறைய பாத்துட்டேன். தட்டையா இருக்கறதெல்லாம் தேய்ஞ்சது இல்ல. ஜார்ஜ் 5 காலத்து பென்னிய எடுத்துக்குங்க. ராஜா தலை பெருசா, உயரமா இருந்ததால அச்சடிக்கும்போது உலோகம் பூரா அந்தப் பக்கமே போயிருச்சு, பின்பக்கம் பிரிட்டானியா (பிரிட்டனோட அடையாளப் பெண்) உருவம் மங்கி, ராஜா தலையோட நிழல் ஆவி மாதிரி தெரியும். மின்ட்லேர்ந்து (காசு அடிக்கற சாலை) அன்னிக்கே வந்த காசுலயும் அப்படித்தான். மின்ட்டுக்கே தாங்காமதான் 1926ல தலைய மாத்தினாங்க, 1928ல இன்னும் சின்னதாக்கினாங்க. அப்ப எப்படி கண்டுபிடிக்கறது? தட்டையான இடத்துல அந்த மின்ட் பளபளப்பு அறுந்து போகாம சுத்தியிருக்கற இடத்தோட சேந்தே ஓடுதான்னு பாருங்க. ஓடினா அது அச்சுக் கோளாறு, காசு அன்சர்குலேட்டடாவே இருக்கலாம். மேட்டுல மட்டும் மங்கி பள்ளத்துல மினுங்கினா தேய்மானம். இருந்தாலும் பிரிட்டானியா முகம் தெளிவா விழுந்த காசுக்குத்தான் விலை, மங்கல் காசுக்கு அந்த விலை குடுக்காதீங்க.

கடைசியா டப்பா விக்கிறவங்க. ஏலத்துல டப்பா போடாத ஒரு காசு வாங்குவாங்க, பேரே கேள்விப்படாத கம்பெனில டப்பா போடுவாங்க, மூணு மடங்குக்கு இன்டர்நெட்ல போடுவாங்க. பிளாஸ்டிக் டப்பாவுக்கு விலை ஒன்னும் இல்ல. பி.சி.ஜி.எஸ், என்.ஜி.சி மாதிரி பெரிய அமெரிக்க கிரேடிங் கம்பெனி டப்பாவா இருந்தாலும் 'எக்ஸ்.எஃப் (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்) 45'ன்னு பாத்துட்டு பிரிட்டிஷ் ஈ.எஃப் விலை குடுக்காதீங்க, பேருதான் ஒன்னு, லண்டன்ல அதை வெரி ஃபைன் இல்ல குட் வெரி ஃபைன்னுதான் சொல்வாங்க. 'உங்களுக்காக நான் ஏலம் கேக்கறேன், அஞ்சு சதவீதம் குடுங்க'ன்னு வர்றவர்கிட்ட முதல்ல கேளுங்க, அந்த ஏலத்துல உங்க சரக்கு ஏதாவது இருக்கான்னு. இன்வெஸ்ட்மென்ட்னு ஒருத்தர் வாய் திறந்தா போன வெச்சுடுங்க. 1965 சர்ச்சில் கிரவுன கூட அரிய காசுன்னு வெல்வெட் பெட்டில போட்டு விக்கிறாங்க, அது ஒரு கோடியே தொண்ணூறு லட்சத்துக்கு மேல அடிச்சது.

உங்க 1845 கிரவுன டப்பாவ உடைச்சு மறுபடி 'அபவுட் ஈ.எஃப்'னு ஏலத்துல போட்டுடலாம்னு யாராவது சொல்வாங்க. செய்யாதீங்க, இன்னொருத்தர் உங்கள மாதிரியே கேள்வி எழுதுவார். வெச்சுக்குங்க, இல்லன்னா க்ளீன் பண்ணதுன்னு சொல்லியே வித்துடுங்க. இப்பவே விக்கணும்னா 300லேர்ந்து 350 வந்தாலே ஒத்துக்குங்க.

காத்திக் கிரவுனுக்கு இன்னிக்கே கண்டிஷன் ரிப்போர்ட் கேட்டு மெயில் போடுங்க. ஏலத்துக்கு முந்தின நாள் வரைக்கும் பதில் வரலன்னா அந்த லாட்ட விட்டுடுங்க, 8000 அடிச்ச காசு, திரும்ப வரும்.