வாசிக்காத பழைய டிரம் செட்டை விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி இதுதான்: 20 வருஷத்துக்கு மேல் கூடவே இருக்கும் டிரம் செட், இரண்டு பெட்ரூம் பிளாட், வாசித்துப் பல வருஷம் ஆகிறது, வீட்டில் இடத்தைக் காலி பண்ணச் சொல்கிறார்கள், மனசு வரவில்லை, என்ன செய்யலாம்?

2019-ல் எனக்கும் இதே பாடுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். செட்டைக் கடைசியாக எப்போது பிரித்துப் பார்த்தீர்கள்? "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் 14 வருஷம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய பெட்ஷீட்டில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு, கயிறு கட்டி, பரணில். யாராவது கேட்டால் "அது இருக்குது, பத்திரமா இருக்குது." ஏறிப் பார்த்ததில்லை.

என் செட் 1960-களில் செய்த பிரிமியர். இங்கிலாந்துக் கம்பெனி, 1922-ல் லண்டனில் ஆரம்பித்தது, இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து தொழிற்சாலை போன பிறகு லெஸ்டர் பக்கம் போய்விட்டார்கள். அது திருச்சி பொன்மலைக்கு எப்படி வந்தது என்றால், எங்கள் ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்தியன் அங்கிள் இருந்தார், ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் (ஊழியர் கிளப்) கிறிஸ்துமஸ், நியூ இயர் டான்ஸ் எல்லாவற்றுக்கும் அவர்தான் டிரம்ஸ். 1987-ல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா கிளம்பும்போது, நாலு வருஷமாக அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு "எடுத்துக்க மேன், உங்கப்பாகிட்ட நான் பேசறேன்" என்றார். 4,000 ரூபாய். ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அப்பாவுக்கு அது இரண்டு மாசச் சம்பளத்துக்கு மேல். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் பி.எஃப். லோன் போட்டார். இன்றுவரை அது ஏன் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் அவருக்கு சினிமாப் பாட்டே பிடிக்காது.

அந்த அங்கிள் சொல்லித்தான் தெரியும், பிளாஸ்டிக் ஹெட் (டிரம்மின் வாயில் மாட்டி அடிக்கிற பரப்பு) வருவதற்கு முன்னால் டிரம்ஸிலும் கன்றுத்தோல்தான் என்று. 1950-களின் கடைசியில்தான் மைலார் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஹெட் கடைக்கு வந்தது. மழைக்காலத்தில் தோல் தொய்ந்துவிடும், டான்ஸுக்கு முன்னால் பல்பு பக்கத்தில் வைத்துக் காய்ச்சுவார்களாம். நம் ஊரில் பறையைத் தீயில் காட்டுவதுபோலத்தான்.

அப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் லைட் மியூசிக். சமயபுரம், லால்குடி, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் திருவிழா, கல்யாண ரிசப்ஷன். ராஜா சார் பாட்டில் டிரம்ஸ் யார், நோயல் கிராண்டா புருஷோத்தமனா என்று டீக்கடையில் சண்டை போட்ட காலம். ஸ்டிக் வாங்க மதராஸ் போனால் மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கல். 1842-லிருந்து இருக்கிற கடை, உள்ளே போகவே கொஞ்சம் பயமாக இருக்கும். சின்ன டாம் (பேஸ் டிரம்முக்கு மேலே நிற்கும் டிரம்) ஒன்று மைக் வைத்தாலே 'ஙிர்ர்' என்று ஓர் இரைச்சல் கொடுக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன். அதெல்லாம் இருக்கட்டும்.

பிறகு எலக்ட்ரானிக் பேட் வந்தது. ரோலண்ட் ஆக்டோபேட் 80-களின் நடுவிலேயே வந்துவிட்டது, எங்கள் பக்கம் வந்து சேரப் பத்து வருஷம் ஆனது. எட்டு ரப்பர் பட்டை, அதில் தபேலாவும் உண்டு, டிரம்ஸும் உண்டு, எல்லாம் உண்டு. ஒரு ரிசப்ஷனில் பெண் வீட்டுக்காரர் எங்கள் டிரூப் ஓனரிடம் நேராகவே கேட்டார்: "டிரம்ஸ் எதுக்குங்க, பேடே போதுமே, மேடையில இடமும் அடைக்குது, வண்டி வாடகையும் மிச்சம்." அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் கொடுமை. 1998-க்கு அப்புறம் நான் மேடை ஏறவில்லை. 2005-ல் வேலை சென்னைக்கு மாறியது. செட் பொன்மலை வீட்டிலிருந்து வேளச்சேரி பரணுக்கு ஏறியது.

2019-ல் வீடு மாற வேண்டியிருந்ததால் இறக்கினோம். பெட்ஷீட்டைப் பிரித்தபோது வந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. பிரிமியரின் குரோம் முலாம் பேர்போனது, வளையம் எல்லாம் துடைத்தால் பளிச்சென்றுதான் இருந்தது, ஆனால் மற்றதெல்லாம்? ஸ்னேரின் (கூர்மையாக ஒலிக்கும் சின்ன டிரம்) அடியில் இருக்கும் கம்பிகள் துருப்பிடித்து இரண்டு இழை அறுந்து கிடந்தன. பேஸ் டிரம்மின் (காலால் பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) மேல் ஒட்டியிருந்த வெள்ளை முத்துத் தாள் தையல் ஓரத்தில் பிரிந்து சுருண்டிருந்தது. தரையில் காலூன்றி நிற்கும் ஃப்ளோர் டாமுக்குள் பல்லி முட்டை. அதைவிட மோசம், ஃப்ளோர் டாமைப் படுக்கப்போட்டு மேலே பேஸ் டிரம்மை ஏற்றி வைத்திருந்தேன் (இறக்கியபோதுதான் அது என் வேலை என்று ஞாபகம் வந்தது), 14 வருஷம் அந்தப் பாரத்தில் அதன் வாய் லேசாகக் கோணிவிட்டது. வட்டம் போனால் ஹெட் விளிம்பில் சமமாக உட்காராது, எவ்வளவு டியூன் செய்தாலும் ஒரு பக்கம் தொய்யும்.

அதனால்தான் கேட்டேன். நீங்கள் "விற்பதா, வைத்துக்கொள்வதா" என்று கேட்கிறீர்கள். பரணிலோ கட்டிலடியிலோ கிடப்பதை வைத்துக்கொள்வது என்று நான் இப்போது சொல்வதில்லை. கடலோர ஊர் ஈரத்தில் அது தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, கைக்குக் காசு வராமல். அடித்துக்கொண்டிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஹாலையே அடைத்தாலும் பரவாயில்லை, வீட்டில் நான் பேசுகிறேன். அடிக்கவில்லை என்றால் அடிக்கிறவனிடம் கொடுங்கள்.

"இனிமேல் வாசிப்பேன்" என்று நீங்கள் சொல்லக்கூடும், நானும் சொன்னேன். சரி, பிளாட்டில் வாசிக்க முடியுமா? குடியிருப்புப் பகுதிக்கு ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், ராத்திரி பத்து மணிக்கு மேல் 45. டிரம் செட் பக்கத்தில் நின்றால் சாதாரணமாக 100-ஐத் தாண்டும். வலை மாதிரி இருக்கும் மெஷ் ஹெட் கிடைக்கிறது, ஓட்டை ஓட்டையாகப் போட்ட சத்தம் குறைந்த சிம்பல் (குச்சியால் அடிக்கும் உலோகத் தட்டு) கிடைக்கிறது, இரண்டையும் மாட்டினால் பக்கத்து அறையில் டிவி பார்க்கலாம். ஆனால் யாரும் சொல்லாத ஒன்று: பேஸ் டிரம் பெடலின் இடி காற்றில் போவதைவிடத் தரை வழியாகத்தான் போகும். மெஷ் போட்டாலும் கீழ் வீட்டுக்காரர் தலையில் 'தொம் தொம்' என்று இறங்கும். தடிமனான ரப்பர் பாயைப் போட்டு அதன்மேல் பலகை மேடை அடித்து அதன்மேல் செட்டை வைத்தால்தான் குறையும். இவ்வளவும் செய்யத் தயார் என்றால் விற்காதீர்கள். நான் மூன்று சனிக்கிழமை வாசித்தேன். நாலாவது சனிக்கிழமை அசோசியேஷன் செக்ரட்டரி சிரித்துக்கொண்டே வந்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த மூன்று சனிக்கிழமையில் ஒன்று புரிந்தது. என் கை தேடியது முழு செட்டை இல்லை, ஸ்னேரைத்தான். டிரம்ஸ்காரர்களிடையே ஒரு வழக்கம் உண்டு, இன்னொருவர் செட்டில் உட்கார்ந்து வாசிக்கப் போனால் ஸ்னேர், சிம்பல், பெடல் மட்டும் சொந்தமாகக் கொண்டுபோவார்கள். டாமும் பேஸ் டிரம்மும் யாருடையதாக இருந்தாலும் சமாளிக்கலாம், கைக்கும் காலுக்கும் பழகினது இந்த மூன்றும்தான். அதனால் உங்கள் செட்டையும் ஒரே உருப்படியாக நினைக்காதீர்கள். எதை விற்றால் மூச்சடைக்கும், எதை விற்றால் "அட, இடம் கிடைத்தது" என்று இருக்கும் என்று தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள். என் சிம்பல்கள் பிரிமியர் கம்பெனியே விற்ற சூப்பர் ஸின், ஆனால் சிம்பலுக்குப் பேர்போன ஜில்ட்ஜியன் கம்பெனியுடையது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன், அதை விற்கும்போது கண்ணில் தண்ணீர் எதுவும் வரவில்லை. ஸ்னேரை என்னால் முடியவில்லை.

விலை விஷயம். ஒரு கடையில் எக்ஸ்சேஞ்ச் கேட்டேன், மொத்தமாக 6,000 என்றார்கள், உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல். அப்புறம் ஒரு காஃபி ஷாப் ஆள் வந்தார், பேஸ் டிரம் மட்டும் போதுமாம், 15,000 தருகிறாராம், ஹெட்டைக் கழற்றி உள்ளே பல்பு போட்டுக் கூரையில் தொங்கவிடப் போகிறாராம். என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏங்க, அவருக்குக் காபி குடுத்து அனுப்பிடுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

சர்ச்சில் வாசிக்கிற பையன் ஒருவன் வந்தான், 19 வயசு இருக்கும். உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் டாம்களை டியூன் செய்து அடித்த அடியில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவனுக்கே கொடுத்திருப்பேன். ஆனால் ஒரு சிக்கல்: 60-களின் கடைசிக்கு முன்னால் வந்த பிரிமியர் டாம்கள் பழைய ஆங்கில அளவு. இன்றைக்குக் கடையில் வாங்கும் 12, 14 அங்குல ஹெட் அதில் ஒழுங்காக உட்காராது, தனியாக ஆர்டர் செய்ய வேண்டும். வாராவாரம் வாசிக்கிற பையனுக்கு அது தலைவலி. சொன்னேன். அவன் முகம் வாடிப்போய், "பரவால்ல அங்கிள்" என்றான். கையில் இருக்கும் காசுக்குப் புது செட்டாக, ஹெட் எங்கேயும் கிடைக்கிற அளவில் வாங்கிக்கொள்ளச் சொல்லி, என் ஹைஹாட் (காலால் மிதித்து மூடும் ஜோடி சிம்பல்) ஸ்டாண்டை மட்டும் சும்மா கொடுத்தேன். (உங்களுடையது பேர்ல், யமஹா, டாமா மாதிரி 80-களுக்கு அப்புறம் வந்த செட் என்றால் இந்தத் தொல்லை கிடையாது, அந்த மாதிரிப் பையன்தான் உங்களுக்குச் சரியான ஆள்.)

கடைசியில் வாங்கியது பெங்களூரில் ஸ்டூடியோவில் வாசிக்கிற ஒரு தம்பி. இந்தப் பழைய மரத்தின் சத்தத்துக்காகவே தேடிக்கொண்டிருந்தவன். கோணின ஃப்ளோர் டாமையும் காட்டித்தான் கொடுத்தேன், மறைக்கவில்லை. ஸ்னேர், பெடல் தவிர மற்றதெல்லாம் 38,000. அதிகமா, குறைச்சலா என்று என்னைக் கேட்காதீர்கள், அதற்குமேல் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

அவன் ஒன்று சொன்னான், விற்பதென்று முடிவு செய்தால் உங்களுக்கு உதவும். "நல்லவேளை அண்ணா, நீங்க எதையும் புதுசாக்கல." விற்கும் முன் பெயின்ட் அடிப்பது, புதுத் தாள் ஒட்டுவது, புது ஸ்டாண்டு மாட்டுவதற்காக ஷெல்லில் (டிரம்மின் மர உடம்பில்) ஓட்டை போடுவது, இது எல்லாமே பழைய செட்டின் விலையைக் குறைக்கும். சிம்பலைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், கம்பெனி முத்திரை அழிந்தால் அது வெறும் தாம்பாளம். தூசியைத் துடையுங்கள், போதும். சிம்பலின் ஓரத்திலும் நடு ஓட்டையைச் சுற்றியும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், மயிரிழை விரிசல் இருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள், அடித்த அடுத்த நிமிஷம் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வருத்தம் இருக்கிறதா என்றால், வண்டி கிளம்பின அன்றைக்கு இருந்தது, மதியம் சாப்பிடவில்லை. அந்த இடத்தில் இப்போது வாஷிங் மெஷின் நிற்கிறது, அது ஸ்பின் ஆகும்போது என் கால் தன்னால் தாளம் போடுகிறது, இதற்கு மருந்து இல்லை. ஸ்னேருக்குப் புதுக் கம்பி போட்டு, மேலே ரப்பர் பேட் வைத்துச் சாயங்காலம் அரை மணி நேரம் தட்டுகிறேன், செக்ரட்டரி வருவதில்லை.

வாங்கிப்போன மூன்றாவது மாசம் அந்தத் தம்பியிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு போட்டோ வந்தது. சின்ன டாமைப் பிரித்து, ஹெட்டை இறுக்கும் திருகு மாட்டுகிற லக்குகளைக் கழற்றிப் போட்டிருந்தான். "அண்ணா, ஒரு லக்குக்குள்ள பஞ்சு அடைச்சிருக்கு, எடுத்துடவா?"

1991, அந்த 'ஙிர்ர்' சத்தத்தைத் தேடிய ராத்திரி, லக்குக்குள் ஏதோ தளர்ந்து ஆடுகிறது என்று கண்டுபிடித்து, அம்மாவின் தலையணையைக் கிழித்து அடைத்த இலவம்பஞ்சு. எடுக்காதே என்று பதில் போட்டேன்.