கேமிங் பிசி: எங்கே வாங்குவது, யார் பூட்டுவது?

கேள்வி: பெரிய கம்பெனியின் ரெடிமேட் பிசி, கடையில் சொல்லி அசெம்பிள் செய்வது, பாகங்களை வாங்கி நானே பூட்டுவது. கேமிங்குக்கு இந்த மூன்றில் எது நல்லது?

பதில்: விளையாடும்போது மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பழுது வரும் நாளில்தான் தெரியும். ரெடிமேட் பிசியில் எது கெட்டாலும் ஒரே இடத்தில் முறையிடலாம். கெட்டது ராமா, மதர்போர்டா என்று கண்டுபிடிப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களே பூட்டினால் அது உங்கள் தலையில் விழும். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஈடாகப் பாகங்களின் தனி வாரண்டி நீளமானது. ரெடிமேட்டுக்குப் பல நேரம் ஒரே வருடம்தான். தனியாக வாங்கும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி) 5 முதல் 10 வருடம் வரை கிடைக்கும்.

ரெடிமேட்டில் எங்களுக்குப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. சில கம்பெனிகள் மதர்போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பொதுவான ஏடிஎக்ஸ் அளவில் செய்வதில்லை. கனெக்டரும் அவர்களுக்கென்றே தனி. மூன்று வருடம் கழித்துப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட நினைப்பீர்கள். இருக்கும் எஸ்எம்பிஎஸ் தாங்காது, வெளியில் வாங்கியது பொருந்தாது. அதனால் வாங்கும் முன் உள்பக்கப் படம் கேளுங்கள். மதர்போர்டில் வழக்கமான 24 பின் பவர் கனெக்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் சொல்வது நடு வழிதான்: பாகங்களை நீங்கள் தேர்ந்தெடுங்கள், கடைக்காரர் பூட்டட்டும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் மாடலும் சீரியல் நம்பரும் தனித்தனியாக வர வேண்டும், காலி டப்பாக்களும் உங்கள் கைக்கு வர வேண்டும். இவை இல்லாவிட்டால் வாரண்டி கேட்கப் போகும்போது சிக்கல். கூரியரில் வந்தால், சுவிட்சைப் போடும் முன் கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே அடைத்த ஃபோமை எடுத்துவிட்டு, கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட்டில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கனமான கார்டு வழியில் ஆடி ஸ்லாட்டையே உடைப்பதுண்டு.

கேள்வி: இரண்டு கடைகளில் கொட்டேஷன் வாங்கினேன். ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், 600 வாட் எஸ்எம்பிஎஸ் எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஒன்று மட்டும் ஏன் இவ்வளவு மலிவு?

பதில்: பெயர் எழுதாத இடத்தில்தான் காசு மிச்சம் பிடிப்பார்கள். முதலில் எஸ்எம்பிஎஸ். ‘600 வாட்’ என்பது மாடல் பெயர் அல்ல. அதன் பக்கவாட்டில் ஒட்டிய லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் அங்கிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அதில் 32 ஆம்பியர் என்றிருந்தால் 12ஆல் பெருக்குங்கள்: 384 வாட். மேலே 600 என்று போட்டிருந்தாலும் உங்களுக்குப் பயன்படுவது அவ்வளவுதான். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும். ஷார்ட் ஆனால் தன்னை நிறுத்திக்கொள்ளுமா என்பதைச் சொல்லாது.

அடுத்து ராம். 16 ஜிபி ஒரே குச்சியா, 8 ஜிபி இரண்டா? ஒரே குச்சி என்றால் ராமுக்கும் ப்ராசஸருக்கும் இடையே உள்ள இரண்டு பாதைகளில் (சேனல்) ஒன்றுதான் வேலை செய்யும். பல கேம்களில் ஃப்ரேம் குறையும், திக்கும். கிராஃபிக்ஸ் கார்டிலும் ஒரே பெயரில் இரண்டு சரக்கு உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050 என்று 8 ஜிபியும் இருக்கிறது, 6 ஜிபியும் இருக்கிறது. மெமரி மட்டுமல்ல, கோர்களின் (கணக்குப் போடும் அலகுகள்) எண்ணிக்கையும் வேறு: 8 ஜிபியில் 2560, 6 ஜிபியில் 2304. எஸ்எஸ்டி ஜென் 3ஆ, அதைவிட வேகமான ஜென் 4ஆ என்று அதிகம் கவலைப்பட வேண்டாம். கேம் திறக்கும் நேரத்தில் சில விநாடிதான் வித்தியாசம்.

கேள்வி: நானே பூட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை.

பதில்: மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருக்கிறீர்களா? கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள். அடுத்து, ப்ராசஸர் பக்கத்தில் மதர்போர்டின் மேல் ஓரத்தில் இருக்கும் 8 பின் பவர் கனெக்டர். விட்டுப்போவது பெரும்பாலும் இதுதான். ராமை எடுத்து, ப்ராசஸரிலிருந்து எண்ணி 2ஆம், 4ஆம் ஸ்லாட்டில், கிளிப் ‘டக்’ என்று விழும்வரை அழுத்துங்கள். ஏஎம்டி ப்ராசஸருக்கான, டிடிஆர்5 ராம் போடும் ஏஎம்5 போர்டு என்றால் முதல்முறை மெமரியைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் கறுப்புத் திரையாகவே இருக்கும். பொறுமையில்லாமல் அணைத்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். அதற்குப் பிறகும் வராவிட்டால், போர்டின் பயோஸ் (அதில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) உங்கள் ப்ராசஸரைவிடப் பழையதா என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகுவது. முனை பொருந்தும், உள்ளே பின் வரிசை வேறாக இருக்கும். எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் கருகுவது இப்படித்தான்.

படம் வந்ததும் பயோஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விண்டோஸில் அதை 60லிருந்து 144 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். கடையில் பூட்டி வரும் பிசியிலும் இவை இரண்டும் பல நேரம் செய்யப்படாமலே வரும்.

கேள்வி: இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ9 போட்ட செகண்ட் ஹேண்ட் பிசி வாங்கலாமா?

பதில்: பயோஸில் 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தைய மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் மென்பொருள்) இருக்கிறதா என்று கேளுங்கள். அதிக வோல்டேஜால் இந்த ப்ராசஸர்கள் தேய்வதைத் தடுக்க 2024 செப்டம்பரில் இன்டெல் வெளியிட்டது அது. ஏற்கெனவே தேய்ந்ததை அது சரிசெய்யாது. அதனால் பணம் கொடுக்கும் முன், அன்ரியல் என்ஜின் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்த ஒரு பெரிய கேமை முதல்முறை திறக்கச் சொல்லி, ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாராகி முடியும்வரை உட்கார்ந்து பாருங்கள். கார்டில் மெமரி தாராளமாக இருந்தும் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று சொல்லி மூடிக்கொண்டால் கார்டைச் சந்தேகிக்காதீர்கள், ப்ராசஸரைச் சந்தேகியுங்கள்.