தம்பியை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாமா?

நேற்று இரவு 9 மணிக்குக் கைதான தம்பியை இன்னும் விடவில்லை, வக்கீலும் பார்க்க முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

சிங்கப்பூர் அரசியலமைப்பின் 9ஆம் பிரிவுப்படி, விடுவிக்காவிட்டால் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும், நேரிலோ வீடியோ வழியாகவோ. பயண நேரம் இதில் சேராது. ஆக, நாளை இரவு 9 மணிதான் வரம்பு. அதுவும் உச்ச வரம்புதான், காரணமில்லாமல் அதுவரை இழுக்கக் கூடாது.

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: 48 மணி நேரம் முடிந்தால் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று அர்த்தமில்லை. குற்றம் சாட்டினால், விசாரணைக்காகக் காவலில் வைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம், ஒரு தடவைக்கு 8 நாள் வரை.

வக்கீலைப் பார்க்கும் உரிமை உண்டு. ஆனால் கைதான உடனேயே அல்ல, நியாயமான கால அவகாசத்துக்குள் என்றுதான் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. வாக்குமூலத்தின்போது வக்கீல் பக்கத்தில் இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆங்கிலம் சரியாக வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டியதில் தப்பிருந்தால் திருத்திய பிறகே கையெழுத்து.

இப்போதே விசாரணை அதிகாரியின் பெயர், நேரடி எண், போலீஸ் ஜாமீன் கிடைக்குமா என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். வக்கீலுக்கு வசதியில்லை, தம்பி குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால், குற்றம் சாட்டப்பட்டதும் அரசுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.