உப்புத் தண்ணீர் ஏன் நல்ல தண்ணீர் போல 0 டிகிரியில் உறைவதில்லை?

இதற்கு விடை தேடி ஆர்க்டிக் வரை போக வேண்டாம். உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று நம் கடற்கரை ஊர்களில் மீனுக்குப் பார் ஐஸ் (நீளமான பெரிய ஐஸ் கட்டி) போடுகிற ஏதாவது ஓர் ஐஸ் கம்பெனிக்குள் எட்டிப் பார்த்தால் போதும். என் மாமா ஒருவர் அப்படி ஒரு கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தார். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

தரை மட்டத்தில் பலகை போட்டு மூடிய பெரிய தொட்டி. பலகையைத் தூக்கினால் உள்ளே உப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். குளிரூட்டும் அம்மோனியா ஓடுகிற குழாய்கள் அதை மைனஸ் 10 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கும். அதற்குள்தான் நல்ல தண்ணீர் நிரப்பிய டின்களை வரிசையாக இறக்குவார்கள். ஏறக்குறைய ஒரு நாளில் டின்னுக்குள் இருப்பது முழுக்க ஐஸ். வெளியே இருக்கும் உப்புத் தண்ணீர் அதைவிடக் குளிர்ந்தது, ஆனாலும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு தகரம்தான். மாமா அடிக்கடி தொட்டியின் அடர்த்தியைப் பார்த்து, குறைந்தால் தூத்துக்குடி உப்பு மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவார். "உப்பு கொறஞ்சா குழாயில ஐஸ் கட்டிரும் மருமவனே, அப்புறம் மொதலாளி என்னைக் கட்டி வச்சிருவாரு" என்பார்.

சரி, காரணத்துக்கு வருவோம். பனிக்கட்டியின் மேற்பரப்பில் எப்போதும் இரண்டு வேலை நடக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் வந்து ஒட்டுகின்றன. ஏற்கெனவே ஒட்டியவை பிய்ந்தும் போகின்றன. நல்ல தண்ணீரில் 0 டிகிரியில் வரவும் செலவும் சமம். உப்பு கரைந்திருந்தால் அது பிரிந்து உண்டாகும் சோடியம், குளோரைடு அயனிகள் (மின்னேற்றம் உள்ள துகள்கள்) தண்ணீரில் இடம் பிடித்துக்கொள்கின்றன. பனிக்கட்டியின் அடுக்கிலோ அவற்றுக்கு இடமே கிடையாது. அதனால் வரவு குறைகிறது, செலவு அப்படியே இருக்கிறது. மறுபடி சமமாக வேண்டுமானால் இன்னும் குளிர வேண்டும்.

எந்தப் பொருள் கரைந்தது என்பதைவிட எத்தனை துகள் கரைந்தது என்பதுதான் இங்கே கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரில் 342 கிராம் சர்க்கரை போட்டால் உறைநிலை சுமார் 2 டிகிரி இறங்கும். அதே எண்ணிக்கைக்கு உப்பு 58 கிராம் போதும்; ஆனால் அது 3 டிகிரிக்கு மேல் இறக்கிவிடும், ஏனென்றால் உப்பு கரையும்போது ஒவ்வொன்றும் இரண்டு துகளாகப் பிரிகிறது. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு; அது மைனஸ் 1.8 டிகிரியில் உறையத் தொடங்கும். கரைசலில் 23 சதவீதம் உப்பு இருந்தால் மைனஸ் 21 வரை தாங்கும். அதற்குமேல் உப்பைக் கொட்டிப் பயனில்லை.

"உப்பு இருப்பதால்தான் நம் கடல் உறைவதில்லை" என்று சிலர் சொல்வதுண்டு. உப்பு செய்கிற வித்தியாசம் இரண்டு டிகிரி கூட இல்லை. மன்னார் வளைகுடா உறையாததற்குக் காரணம் நம் ஊர் வெயில்.

"உறையத் தொடங்கும்" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நல்ல தண்ணீர் 0 டிகிரியிலேயே நின்று முழுவதும் உறைந்துவிடும். உப்புத் தண்ணீரில் முதலில் தண்ணீர் மட்டும் பிரிந்து ஐஸாகிறது. மிச்சத்தில் உப்பு ஏறுகிறது. அது உறைய இன்னும் குளிர் வேண்டும். இதன் சின்ன உருவத்தைப் பார் ஐஸை உடைத்தால் பார்க்கலாம். ஓரமெல்லாம் தெளிவாக, நடுத்தண்டு மட்டும் வெள்ளையாக இருக்கும். ஐஸ் டின்னின் சுவரிலிருந்து உள்நோக்கி வளரும்போது கரைந்திருந்த உப்பையும் காற்றையும் நடுவுக்குத் தள்ளிக்கொண்டே போகிறது. சவர்த் தண்ணீரில் (லேசாக உப்புள்ள தண்ணீரில்) போட்ட பார் என்றால் நடுத்துண்டை வாயில் வைத்தால் லேசாகக் கரிக்கும், ஓரம் கரிக்காது. (தொழிலுக்குப் போடுகிற ஐஸ், சாப்பிட அல்ல. மாமாவுக்குத் தெரியாமல்தான் நாங்கள் வாயில் வைத்தோம்.) துருவப் பகுதிகளிலும் இதேதான்: உறையும் கடல் உப்பைக் கீழே கழித்துவிடுகிறது, சில வருடம் பழகிய கடல் ஐஸை உருக்கிக் குடிக்கவே முடியும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்பினால் 100 மில்லி தண்ணீரில் 30 கிராம் உப்பைக் கரைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரோடு ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18தான். காலையில் ஒன்று கட்டியாக இருக்கும், மற்றது ஊற்றினால் ஊற்றும். அதில் விரலை மட்டும் விட்டுப் பார்க்காதீர்கள். திரவம்தானே என்று நினைக்கலாம், ஆனால் அந்தக் குளிர் தோலைப் புண்ணாக்கிவிடும்.