பதில்: திராட்சைத் தோட்ட ஓட்டம், ஷூவை மாற்றினால் போதுமா?

பெசன்ட் நகர் தார்ச்சாலையிலேயே ஓடிப் பழகியிருக்கிறீர்கள், போன தடவை மண்பாதையில் கணுக்கால் பிசகியது, இப்போது கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டத்துக்குள் 10 கி.மீ. ஓட்டம், ஷூவை மாற்றினால் போதுமா என்கிறீர்கள். ஷூ மட்டும் போதாது.

ஆனாலும் மாற்றத்தான் வேண்டும். சாலை ஷூவின் அடியில் ஈரமண் அப்பினால் பிடிமானம் போய்விடும். மண்பாதைக்கென்றே வரும், அடியில் 4 மி.மீ. ரப்பர் முள் உள்ள டிரெயில் ஷூ வாங்கி, மூன்று வாரம் முன்பே போட்டுப் பழகுங்கள். லேஸைக் கடைசித் துளைவரை கோத்துக் கட்டுங்கள்; குதிகால் உள்ளே நழுவினால் எவ்வளவு விலை கொடுத்த ஷூவும் வீண்.

கணுக்காலுக்கு: பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள், காலுக்கு ஒரு நிமிடம். வாரம் ஒருநாள் எலியட்ஸ் கடற்கரை ஈரமணலில் 3 கி.மீ. மெதுவாக. ஒரே திசையில் ஓடாதீர்கள், கரைச்சரிவு ஒரு காலையே வாட்டும். பாதியில் திரும்பி வாருங்கள். ஏற்றத்துக்குப் பரங்கிமலைப் படிகள் உண்டு. இறங்கும்போது நடை போதும். இன்னும் வீக்கம் இருந்தால் இதெல்லாம் பிறகு, முதலில் பிசியோதெரபிஸ்ட்.

கம்பம் தோட்டத்தில் திராட்சைக் கொடி தலைக்கு மேல் பந்தலில் படர்ந்திருக்கும், கண் தானாக மேலே போகும். காலடியில் சொட்டுநீர்க் குழாய், ஓரத்தில் தூணை இழுத்துக்கட்டிய கம்பி. பார்வை மூன்று மீட்டர் முன்னால் தரையில் இருக்கட்டும்; வரிசை முடியும் திருப்பத்தில் வேகத்தைக் குறையுங்கள். சாலையில் ஓடும் நேரத்தை இங்கே எதிர்பார்க்கவே வேண்டாம்.

பழத்தைப் பறித்து அப்படியே வாயில் போட்டுவிடாதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள்.