ஈயக் கலவையை மாற்றும்போது ஈயம் உருக்கும் பானையைக் காலி செய்யச் சொல்வது ஏன்?

பானையைக் காலி செய்வது என்றால் பழைய கலவையை உருகிய நிலையிலேயே, அடியில் தங்குவது உட்பட, வெளியே எடுப்பது. ஈயத்தின் கடினத்தை முக்கியமாக அதில் கரைந்திருக்கும் ஆன்டிமனியும் (உலோகம் போன்ற ஒரு தனிமம்) வெள்ளீயமும்தான் தீர்மானிக்கின்றன. 12% ஆன்டிமனி உள்ள கலவையில் அரை கிலோ மிஞ்சியிருக்க, சுத்த ஈயம் சேர்த்து 10 கிலோ ஆக்கினால், மொத்தத்தில் 0.6% ஆன்டிமனி வந்துவிடும். மென்மையாக இருக்கவேண்டிய வார்ப்பு கடினமாகிவிடும். சிவப்பில் தோய்ந்த தூரிகையை வெள்ளையில் முக்குவது போல.

பானையின் அடியில் வடிகுழாய் இருந்தால் அதன் வழியாக, இல்லையென்றால் கரண்டியால், சூடேற்றிய உலர்ந்த அச்சுகளில் ஊற்றுங்கள். அச்சில் துளி ஈரம் இருந்தாலும் நீராவி வெடித்து ஈயம் தெறிக்கும். சூடான பானையைக் கவிழ்க்கவே கூடாது. சுவரில் ஒட்டிய கசடைச் சுரண்டி எடுத்து, புதிய கலவையில் அரை கிலோ உருக்கி, சுவரெங்கும் படக் கிளறி, அதையும் வெளியேற்றுங்கள். பலர் தவிர்க்கும் வேலை இது. சுத்த ஈயத்துக்கு மாறும்போது தவிர்க்க முடியாது. ஊற்றிய கட்டிகளில் உடனே பெயர் எழுதுங்கள், ஆறியபின் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

மேலே மிதக்கும் ஆடையை வழித்தால் பழைய கலவை போய்விடும் என்பது தவறு: அது பெரும்பாலும் காற்றுபட்டு உண்டான ஆக்சைடுதான், கரைந்த ஆன்டிமனி தானாகப் பிரிந்து மேலே வராது.